பூஷேயின் ‘ஓநாயிடமிருந்து ஓடும் சில்வியா’: நகலெடுக்கும் முன் சில கேள்விகள்

கித்தான்காரன்:

பிரான்சுவா பூஷே 1756-இல் தீட்டிய ஓவியம் ஒன்று பிரான்சின் தூர் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தான் காயப்படுத்திய ஓநாயிடமிருந்து வேட்டைக்காரி சில்வியா ஓடும் காட்சி. இத்தாலியக் கவிஞர் தாஸ்ஸோவின் ‘அமிந்தா’ என்ற முல்லைநில நாடகக் கவிதையிலிருந்து எடுத்தது. இதைப் பயிற்சிக்காக எண்ணெய் வண்ணத்தில் நகலெடுக்கப் போகிறேன். லினன் கித்தான், 60 × 66 செ.மீ. கடையில் வாங்கிய வெள்ளை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் தளப்பூச்சு) இரண்டு பூச்சு கொடுத்தாயிற்று.

நான்கு சந்தேகங்கள்.

ஒன்று, கதை. இணையச் சுருக்கங்களில் ‘சில்வியா இறந்ததாகச் செய்தி வருகிறது, பிறகு உயிரோடு வருகிறாள்’ என்று ஒரு வரிதான் இருக்கிறது. படம் காட்டுவது சரியாக எந்தத் தருணம்?

இரண்டு, வெள்ளைத் தளத்தின் மேலேயே தொடங்கலாமா?

மூன்று, ஒரு புகைப்படத்தில் இலைகள் நீலமாக இருக்கின்றன, இன்னொன்றில் பழுப்பு கலந்த பச்சை. எதை நம்புவது? பூஷே முதலில் தீட்டிய பச்சையை ஊகித்துப் போடுவது முறையா?

நான்கு, கையில் பிரஷ்யன் நீலமும் டைட்டானியம் வெள்ளையும் இருக்கின்றன. இவை போதுமா?

ஏட்டுப்பூச்சி:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தூரிகை விஷயம் மற்றவர்கள் பாடு.

‘அமிந்தா’ முதலில் 1573-இல் ஃபெராரா அரசவைக்காக, போ ஆற்றிலிருந்த பெல்வெதேரே தீவில் நடிக்கப்பட்டது. ஐந்து அங்கங்கள். படித்தால் உடனே கண்ணில் படுவது, மேடையில் ஏறக்குறைய எதுவுமே நடப்பதில்லை என்பதுதான். தேனீ கொட்டியது, சாட்டிர் என்ற ஆட்டுக்கால் காட்டுத்தேவன் சில்வியாவை மரத்தோடு கட்டியது, ஓநாய் வேட்டை, அவளைக் காதலிக்கும் இடையன் அமிந்தா பாறையிலிருந்து குதித்தது, பிழைத்தது எல்லாமே யாரோ ஒருவர் வந்து சொல்லும் சேதிகள். பார்வையாளருக்குக் கிடைப்பது பேச்சு மட்டும்.

பாந்தியேவ்ர் கோமகனின் பாரிஸ் மாளிகைக்காக பூஷே இந்தக் கவிதையிலிருந்து நான்கு படங்கள் தீட்டினார். ஃபிலிஸை தேனீ கொட்ட சில்வியா ஆற்றுவது, அமிந்தா சில்வியாவைக் கட்டவிழ்ப்பது, ஓநாய், அமிந்தா அவள் மடியில் உயிர் தெளிவது. நான்குமே மேடையில் யாரும் பார்க்காத காட்சிகள். அதனால் இதை ஒரு நாடகக் காட்சியின் பதிவு என்று எண்ணிக்கொண்டு பழைய மேடை உடைகளைத் தேடிப் போகாதீர்கள். ஒருவர் வாயால் சொன்னதைக் கேட்டு வரைந்த படம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் இடத்தில் விழும்.

ஓநாய்ச் சம்பவம் கவிதையில் இரண்டு முறை வருகிறது. உங்கள் குழப்பத்துக்குக் காரணம் அதுதான்.

மூன்றாம் அங்கத்தில் செய்தி கொண்டுவரும் நெரினா என்ற பெண் சொல்வது: சில்வியாவின் அம்பு ஓநாயின் தலையில் தைத்தது. அது காட்டுக்குள் ஓடியது, சில்வியா ஈட்டியோடு பின்தொடர்ந்தாள். நெரினா பின்னால் போய்ப் பார்த்தபோது தரையில் ஈட்டி கிடந்தது, சற்றுத் தள்ளி முடியில் கட்டும் வெள்ளைத் துகில் கிடந்தது. ஏழு ஓநாய்கள் வெற்றெலும்புகளைச் சுற்றி இரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தன. சில்வியா செத்தாள் என்று அவள் முடிவுகட்டுகிறாள். அதைக் கேட்டுத்தான் அமிந்தா பாறையில் ஏறுகிறான்.

நான்காம் அங்கத்தில் சில்வியாவே சொல்வது: ஓநாய்கள் வேறு ஏதோ விலங்கைக் கொன்று தின்றுகொண்டிருந்தன. காயம்பட்ட ஓநாய் அவளை அடையாளம் கண்டு, இரத்தம் ஒழுகும் வாயோடு பாய்ந்து வந்தது. ஈட்டியை எறிந்தாள், குறி தப்பியது. ஓடும்போது துகில் அவிழ்ந்து கிளையில் சிக்கியது. இழுத்து விடுவித்துக்கொண்டதில் சில முடிகளும் அதோடு போயின.

உங்கள் படம் இந்த இரண்டாவது கூற்று. நெரினா தடயங்களை மட்டும் பார்த்தாள், நடந்தது சில்வியாவுக்கு மட்டுமே தெரியும். ஆகவே பெரிய பிரதியில் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியவை துகிலும் ஈட்டியும். சின்னத் திரையில் அவை வெறும் துணி மடிப்பாகவும் குச்சியாகவும் தெரியும். நகலெடுப்பவர்கள் அவற்றை மங்கலாக்கி விட்டுவிடுவது வழக்கம், ஆனால் கதை முழுதும் அந்த இரண்டு பொருளில்தான் தொங்குகிறது.

முகத்தைத் தீட்டும்போது இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். இவள் வேட்டைத் தெய்வம் தியானாவின் வழியில் நடக்கும் வேட்டைக்காரி. குறி தப்பாதவள் என்று பேர். விதியோ என் தவறோ தெரியவில்லை, குறி தப்பிவிட்டது என்கிறாள். அதனால் அந்த ஓட்டத்தில் பயத்தோடு ஆச்சரியமும் சேர்ந்திருக்க வேண்டும். பூஷேயின் இயல்பான மென்மை அதைக் கொஞ்சம் மழுக்கிவிடும். நகலில் நீங்கள் மேலும் மென்மையாக்கினால் கூடையில் பூவெடுத்துப் போகும் இடைச்சியாகிவிடுவாள்.

காவிப்பூச்சு:

வெள்ளைத் தளத்தின் மேல் தொடங்காதீர்கள். இந்த நகலில் பாதி வெற்றி தளத்தில்தான் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கித்தான்களில் பரவலாக இருந்தது இரட்டைத் தளம். அடியில் எண்ணெயில் குழைத்த செங்காவி மண். அது நெசவின் குழிகளை நிரப்பும், விலையும் குறைவு. அதன்மேல் ஈய வெள்ளையில் கரியைக் கலந்த சாம்பல். நூற்றாண்டின் நடுவில் தளங்கள் மேலும் வெளிறிக்கொண்டே வந்தன. சாம்பல் தளத்தின் பயன் என்னவென்றால், நடு ஒளி ஏற்கெனவே கித்தானில் இருக்கும். நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் போட்டால் போதும். தோலில் தெரியும் அந்த நீலச் சாம்பல் இடைநிறத்தை வெள்ளைத் தளத்தில் கொண்டுவர ஒவ்வொரு இடத்திலும் தனியாகக் கலக்க வேண்டும். கலந்தாலும் அது மேலே ஒட்டியதுபோல நிற்கும்.

உங்கள் ஜெஸ்ஸோவை உரிக்க வேண்டியதில்லை. 320 எண் உப்புத்தாளால் ஈரம் தொட்டு லேசாகத் தேயுங்கள். உலர்வாகத் தேய்த்தால் தூசு நுரையீரலுக்குப் போகும். 100 மி.லி. ஜெஸ்ஸோவுக்கு 8 மி.லி. அளவு அக்ரிலிக் ரா அம்பர் (பழுப்பு மண் நிறம்), கறுப்பு சில சொட்டு. கறுப்பு 0, வெள்ளை 10 என்ற அளவுகோலில் 6 அல்லது 7 வரவேண்டும். காய்ந்ததும் ஒரு படி இருளும் என்பதால் தாளில் ஒரு பட்டை போட்டுக் காயவைத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

அதன்மேல் இன்னொரு வேலை இருக்கிறது. அக்ரிலிக் ஜெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சும். உறிஞ்சிய இடங்கள் சுண்ணாம்படித்த மாதிரி மங்கும், அடுத்த நாள் நிறம் ஒப்பிடவே முடியாது. ஆல்கிட் வெள்ளையில் (சீக்கிரம் காயும் எண்ணெய் வண்ண வகை) கொஞ்சம் கறுப்பும் அம்பரும் கலந்து, கத்தியால் வழித்து, நெசவு தெரியும் அளவு மெல்லிசாக ஒரே பூச்சு. ஒரு வாரம் விடுங்கள். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் போகலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் வேண்டாம், உரிந்து வரும்.

வரைவை நேராகக் கித்தானில் செய்யாதீர்கள். பூஷே உருவங்களைக் கறுப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணத்தில் தனித்தனித் தாள்களில் ஆய்ந்து பிறகு படத்துக்குள் வைப்பவர். அதே அளவுத் தாளில் சில்வியாவை மட்டும் வரையுங்கள். ஓடும் கால், பின்னுக்குத் திரும்பும் தலை, இரண்டுக்கும் நடுவில் இடுப்பு முறுக்கு, இந்த மூன்றும் சரியானபின் கட்டத்தாள் வழியாக மாற்றுங்கள். கரிக்கோட்டை ஊதித் தள்ளிவிட்டு, டர்பென்டைனில் நீர்த்த அம்பரால் மெல்லிய கோடு. கரித்தூள் மிச்சமிருந்தால் முதல் வெளிர் வண்ணமே அழுக்காகும்.

பிறகு வரிசை: வானமும் தூரத்து மரங்களும் முதலில், உருவத்தின் இடத்தை ஒதுக்கிவிட்டு. அடுத்து தோல். அதன்பின் ஆடை. முன்தரையின் செடிகள் கடைசி. இலைக்கு அடியில் மெல்லிய இருள், மேலே தடித்த வளைந்த தட்டல்கள். ஒவ்வொரு இலையாக வரையப் புகுந்தால் கெட்டது. கொத்துக்கு மூன்று ஒளிநிலை, அதற்கு மேல் போகாதீர்கள். 6, 8 எண் பன்றிமயிர்த் தட்டைத் தூரிகைகள், 2 எண் மென்மயிர் உருண்டை ஒன்று, போதும்.

அளவும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கித்தானுக்கு 37 மி.லி. வெள்ளை ஒரு டியூப் போதாது, இரண்டு வேண்டும். பிரஷ்யன் நீலம் 5 மி.லி.-கூடத் தீராது.

நீலச்சுண்ணம்:

இலை நிறத்துக்கு வருவோம். இதில் மூன்று வெவ்வேறு காரணங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

முதலாவது, மங்கிய மஞ்சள். அக்காலத்தில் பச்சையைப் பெரும்பாலும் நீலத்தோடு மஞ்சளைக் கலந்தே செய்தார்கள். அந்த மஞ்சளில் ஒரு வகை தாவரச் சாயத்தை, பக்தார்ன் காய் அல்லது வெல்ட் செடியின் சாற்றை, சுண்ணத்திலோ படிகாரத்திலோ இறக்கிச் செய்தது. வெளிச்சத்தில் அது போய்விடும், நீலம் மட்டும் நிற்கும். 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலக்காட்சிகளிலும் பூ ஓவியங்களிலும் நீல இலைகள் இவ்வளவு தென்படுவது இதனால்தான்.

இரண்டாவது, பூஷேயின் விருப்பம். இயற்கை மிகவும் பச்சை, வெளிச்சமும் சரியில்லை என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அவருடைய மரங்கள் நீலப்பச்சைப் பக்கம் சாய்வது வேண்டுமென்றே செய்தது. எல்லா நீலத்தையும் மங்கலின் கணக்கில் எழுதக் கூடாது.

மூன்றாவது, வார்னிஷ். பழைய பிசின் வார்னிஷ் மஞ்சளாகும். நீலமாகிப்போன இலையின்மேல் மஞ்சள் வார்னிஷ் இருந்தால் மறுபடி பச்சையாகத் தெரியும்! இரண்டு கேடுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. சுத்தம் செய்தவுடன் படம் திடீரென நீலமாகி, பார்ப்பவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று கத்துவதும் உண்டு. உங்கள் இரண்டு புகைப்படங்களின் வேறுபாடு இதனால் இருக்கலாம், அல்லது கேமராவின் வெள்ளைச் சமநிலை அமைப்பால் இருக்கலாம்.

சோதிக்க வழி இருக்கிறது. படத்தில் மிக வெளிறிய இடங்களை, துணியின் ஒளிமுனைகளை, தோலின் உச்ச ஒளியைப் பாருங்கள். அவையும் ஒரே அளவு மஞ்சளாக இருந்தால் வார்னிஷோ புகைப்படமோ காரணம். அவை குளிர்ந்த வெள்ளையாக இருந்தும் இலை பழுப்புப் பச்சையாக இருந்தால் அது வண்ணத்தின் நிறமே. மூல ஓவியத்தை நேரில் ஆராய்பவர்கள் சட்டம் மறைத்த விளிம்பைப் பார்ப்பார்கள். வெளிச்சம் படாத அந்தப் பட்டையில் மஞ்சள் மிஞ்சியிருக்கும்.

என் கருத்து: வார்னிஷின் மஞ்சளைக் கழியுங்கள், மங்கிய மஞ்சளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். முன்னது படத்தின்மேல் பிறகு வந்து படிந்த படலம். பின்னது இன்று அந்த வண்ணத்தின் நிலை. எவ்வளவு மஞ்சள் போயிற்று என்று புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஊகித்துப் போட்டால் அது உங்கள் ஓவியம். ஆசை இருந்தால் 10 × 10 செ.மீ. தாளில் ஒரு இலைக்கொத்தை மட்டும் பச்சையாகப் போட்டுப் பாருங்கள். சிவந்த தோல் பச்சைக்குப் பக்கத்தில் எவ்வளவு சூடாகிறது, நீலத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு தணிகிறது என்பது புரியும்.

பிரஷ்யன் நீலம் பற்றி. பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. 1724-இல் செய்முறை அச்சானபின் ஐரோப்பா முழுக்கப் பரவியது. அல்ட்ராமரீன் அப்போது ஆப்கன் கல்லிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்கு என்பதால் ஓவியர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வீரியம் அதிகம், 1 பங்குக்கு 40 பங்கு வெள்ளை சேர்த்தாலும் நீலம்தான். ஆனால் அப்படி நீர்த்த நிலையில்தான் அது வெளிச்சத்தில் மங்குகிறது. அடர்த்தியான இடத்தில் நிற்கும், வானத்தில் நிற்காது.

ஆகவே இருண்ட இலைக்கும் ஆடையின் ஆழத்துக்கும் உங்கள் டியூபை (லேபிளில் பி.பி.27 இருக்கிறதா பாருங்கள்) பயன்படுத்துங்கள். வானத்துக்கு அல்ட்ராமரீனும், கத்தி நுனியில் தொட்ட அளவு தாலோ நீலமும். இலைக்கு மஞ்சள் காவியும் ரா சியன்னாவும், மங்காதவை. சிவப்பு லேக்குக்கு (சாயத்திலிருந்து செய்யும் ஒளிபுகும் சிவப்பு) அசல் அலிசரின் வேண்டாம். வெளிர் நிறத்தில் அது மங்கும், குவினாக்ரிடோன் வகை வாங்குங்கள்.

கித்தான்காரன்:

மூவருக்கும் நன்றி. சாம்பல் தளம் போட்டு, தாளில் தோல் நிறத்தைச் சோதித்தேன். டைட்டானியம் வெள்ளை + கேட்மியம் சிவப்பு + மஞ்சள் காவி. முகப்பவுடர் பூசியது போல இருக்கிறது. ஈய வெள்ளை வாங்கித்தான் ஆகவேண்டுமா? பவுடர் தோற்றத்தைக் குறைக்க ஜிங்க் வெள்ளை கலக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார்.

காவிப்பூச்சு:

ஜிங்க் வேண்டாம். எண்ணெயில் அதன் படலம் காலப்போக்கில் நொறுங்கும், மேல் அடுக்குகள் தகடாகப் பிரியும். மெல்லிய கித்தானில் இன்னும் மோசம். போதாக்குறைக்கு வெளிர் பிரஷ்யன் நீலத்துக்கும் அது ஆகாது.

டைட்டானியம் ஈயத்தைவிடக் குளிர்ச்சி, மறைக்கும் சக்தியும் மிக அதிகம். ஈய வெள்ளை பாதி ஒளிபுகும், அடியிலுள்ள சாம்பல் மூச்சுவிடும். நீங்கள் ஈயத்துக்கான அளவில் டைட்டானியத்தைப் போடுகிறீர்கள். பாதியாகக் குறைத்து, மெல்லிசாக இழுங்கள். வெள்ளையிலேயே முன்கூட்டி மஞ்சள் காவியைத் துளி சேர்த்துச் சூடாக்கி வையுங்கள். கடையில் கிடைக்கும் ஒளிபுகும் ஜெல் மீடியம் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் மறைப்புத்திறன் இறங்கும். அதற்கு மேல் சேர்த்தால் வழுக்கும்.

தோலுக்கு ஒரே கலவையை எல்லா இடத்திலும் பூசுவதுதான் பவுடர் தோற்றத்தின் பெரிய காரணம். மூன்றாகப் பிரியுங்கள். வெளிச்சம்: வெள்ளை, காவி, சிவப்பு துளி. இடைநிறம்: அதே கலவையில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பலைக் கொஞ்சம், கறுப்பே நீலமாகத் தெரியும், நீலம் தொடத் தேவையில்லை. நிழல்: வெள்ளையே இல்லாமல் அம்பரும் சிவப்பு லேக்கும், தளம் தெரியும்படி. காது, விரல் கணு, முழங்கை, முழங்கால், குதிகால் ஆகிய இடங்களில் சிவப்பை ஈரத்திலேயே தொட்டுவிடுங்கள். பூஷேயின் உடல்கள் அந்தச் சிவப்புப் புள்ளிகளால்தான் உயிரோடு இருக்கின்றன.

மண்பானை:

ஈய வெள்ளை பற்றி ஒரு வார்த்தை. டியூபில் வாங்கலாம், தூளாக வாங்கவே கூடாது. கையுறை போடுங்கள், பக்கத்தில் டீ டம்ளர் வைக்காதீர்கள், காய்ந்த படலத்தைத் தேய்க்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இந்தப் பயிற்சிக்கு அது தேவையில்லை.

ஏட்டுப்பூச்சி சொன்ன துகிலுக்கு மட்டும் ஒரு நுட்பம்: அதை வெறும் வெள்ளையில் போடாமல், பின்னணி முழுதும் காய்ந்தபின், வெள்ளையில் சாம்பல் கலந்து கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் இழுத்து, மடிப்பின் முகட்டில் மட்டும் தடிப்பு. ஈரத்தில் போட்டால் கீழே இருக்கும் இலை நிறத்தை இழுத்துக்கொண்டு பச்சைத் துணியாகும்.

கித்தான்காரன்:

ஜெல் சேர்த்து மெல்லிசாக இழுத்ததும் மாற்றம் தெரிகிறது. கடைசியாக ஒன்று: வெளிர் நிறங்களுக்குக் கசகசா எண்ணெய் நல்லது என்கிறார்கள். மழைக்காலத்தில் தீட்டப் போகிறேன்.

நீலச்சுண்ணம்:

கசகசா எண்ணெய் மஞ்சளாவது குறைவு, ஆனால் மெதுவாகக் காயும், படலமும் பலவீனம். அடியடுக்கில் அதைப் போட்டு மேலே சீக்கிரம் காய்வதைப் போட்டால் மேல்தோல் வெடிக்கும். கடைசி ஒளிமுனைகளுக்கும் துகிலுக்கும் மட்டும் சொட்டளவு. மற்றதெல்லாம் ஆளிவிதை எண்ணெய் அல்லது வால்நட் எண்ணெய். அடியில் எண்ணெய் குறைவு, மேலே அதிகம் என்ற ஒழுங்கு மாறக் கூடாது.

ஈரக்காற்றில் காய்வது தாமதமாகும். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு விரல் நகத்தை ஓரத்தில் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. கித்தானைச் சுவரில் ஒட்டி நிறுத்தாமல் பின்னால் காற்று போக இடைவெளி விடுங்கள், பூஞ்சை முதலில் பின்புறத்தில்தான் வரும். இருட்டறையில் காயவைக்காதீர்கள், ஆளிவிதை எண்ணெய் இருட்டில் கூடுதலாக மஞ்சளிக்கும். ஜன்னல் வெளிச்சம் நல்லது, நேர் வெயில் கூடாது. முடித்து ஆறு மாதம் கழித்து, தடித்த இடங்கள் இருந்தால் ஒரு வருடம் கழித்து, கரைத்து நீக்கக்கூடிய செயற்கைப் பிசின் வார்னிஷ்.

பூஷேயின் கையொப்பத்தை நகலெடுக்க வேண்டாம். பின்புறம் கித்தானிலேயே உங்கள் பெயர், ஆண்டு, ‘பூஷேயின் மூலத்தைப் பார்த்துச் செய்த நகல்’ என்று எழுதிவிடுங்கள். சட்டத்தில் எழுதினால் சட்டம் மாறும்போது போய்விடும்.

ஏட்டுப்பூச்சி:

ஜோடிப் படத்தையும் பிறகு செய்வதாக இருந்தால், அமிந்தா உயிர் தெளியும் படம் தூரிலேயே இருக்கிறது, அதே 1756. மற்ற இரண்டும் 1755-ஐச் சேர்ந்தவை, பிரெஞ்சு மத்திய வங்கியிடம் இருக்கின்றன. அந்தப் பழைய கோமகன் மாளிகையே இன்று வங்கித் தலைமையகம், நினைத்தபோது உள்ளே போய்ப் பார்க்க முடியாது. எனவே தூரின் இரண்டையும் ஒரே சாம்பல் கலவையில், ஒரே நாளில் தளம் போட்டு வையுங்கள். அந்தப் படத்துக்கு ஐந்தாம் அங்கத்தில் எல்பீனோ என்ற இடையன் சொல்வதைப் படிக்க வேண்டும். பாறைச் சரிவில் பின்னிக் கிடந்த முட்செடிகளும் கிளைகளும் அமிந்தாவின் விழுகையைத் தாங்கின. அவன் உணர்வற்றுக் கிடக்க, சில்வியா அவன்மேல் விழுந்து அழுத கண்ணீரில்தான் கண் திறக்கிறான். பின்னணிச் செடிகளை அலங்காரமாக எண்ணிக் குறைத்துவிடாதீர்கள்.

கித்தான்காரன்:

அப்படியானால் இரண்டாவது கித்தானையும் இந்த வாரமே இழுத்துக் கட்டிவிடுகிறேன்.

காவிப்பூச்சு:

ஒரே சுருளிலிருந்து, நெசவு ஒரே திசையில் வரும்படி வெட்டுங்கள். மூலைகளிலிருந்து தொடங்காமல் நான்கு பக்கமும் நடுவில் ஆணியடித்து வெளியே போங்கள். மூலையில் தொடங்கினால் நடுவில் அலை நிற்கும், சாம்பல் பூச்சு அந்த அலையில் தேங்கிக் காய்ந்துவிடும்.